இரண்டாவது சுற்று

எங்கள் லேபில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதல் மாதம் முடிவதற்குள் என்னிடம் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, இதைத்தான் ஒரு தடவை சுத்தியாச்சே, மறுபடியும் எதுக்கு?"

அப்போது என் கையில் நீல மூடி டியூப் இருக்கும். கால் மணி நேரம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, கீழே சிவப்பும் மேலே வெளிர் மஞ்சளுமாகப் பிரிந்திருக்கும். உறையும் நேரம் பார்க்கிற சாதாரண பிடி, ஏபிடிடி டெஸ்ட் என்றால் இதோடு மெஷினில் ஏற்றிவிடலாம். சீட்டில் டாக்டர் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அந்த மஞ்சள் பிளாஸ்மாவை, நடுவிலிருக்கும் வெள்ளைப் படலம் கலங்காமல், பிளாஸ்டிக் பிப்பெட்டால் மெல்ல உறிஞ்சி இன்னொரு பிளாஸ்டிக் டியூபில் விட்டு, திரும்பவும் சென்ட்ரிஃபியூஜுக்குள் வைக்க வேண்டும். அது நின்ற பிறகும் ஆசைப்பட்டு அடிவரை உறிஞ்சக் கூடாது. கடைசிக் கால் மில்லியைக் கொட்டத்தான் வேண்டும். அதில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெளிந்த நீர்மோர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கால் மில்லியைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் லேப் இருக்கிற பூந்தமல்லி பக்கம் வராதவர்களுக்கு: இந்த ஊர்ச் சாலை சாவடிகளால் ஆனது. வேலப்பன்சாவடி, கரையான்சாவடி, குமணன்சாவடி. நடந்தும் வண்டியிலும் போனவர்கள் தங்கிப் போன இடங்கள். இன்று யாரும் தங்குவதில்லை, சிக்னலில் நிற்கிறார்கள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் காலேஜ் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நிற்க, மாங்காட்டிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் காட்டுப்பாக்கத்திலிருந்தும் ரத்தம் எங்களிடம் வந்து சேர்கிறது.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட் தேடுகிற நோய்க்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக ஏபிஎல்ஏ என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன் உடம்பையே அந்நியமாக நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. விளைவு, ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. முப்பது வயதுக்காரருக்குப் பக்கவாதம் வரும். காரணமே இல்லாமல் கெண்டைக்கால் வீங்கும். ஒரு பெண்ணுக்குக் கரு தங்காமல் போய்க்கொண்டே இருக்கும். நம் ஊரில் மூன்றாவதாகச் சொன்னதற்குத்தான் எத்தனை பெயர், எத்தனை பரிகாரம், எத்தனை ஏச்சு! அந்த ஏச்சு வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் எங்கள் நாற்காலியில் வந்து கை நீட்டுகிறார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. உடம்புக்குள் ரத்தத்தை உறைய வைக்கிற இதே ஆன்டிபாடி, டியூபுக்குள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். அதனால்தான் அதற்கு உறைவுத் தடுப்பான் என்று பொருள்படும் பெயர் வந்தது. 1952-ல் கான்லியும் ஹார்ட்மனும் லூபஸ் நோயாளிகள் இருவரிடம் இதைப் பார்த்து எழுதினார்கள். 1972-ல் ஃபைன்ஸ்டைனும் ராப்பபோர்ட்டும் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்று பெயர் வைத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் லூபஸ் கிடையாது. உடம்புக்குள் அது ஆன்டிகோயாகுலன்டும் கிடையாது. பெயரின் இரண்டு சொல்லும் தப்பு. ஆனாலும் நிலைத்துவிட்டது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "ரத்தம் உறையாதுன்னு போட்டிருக்கே சிஸ்டர், அப்புறம் ஏன் உறையாம இருக்க ஊசி போடுறாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

டியூபுக்குள் நடப்பதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது எங்கள் பஸ் ஸ்டாப்பை வைத்துத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். ஸ்டாப்பை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ வரிசை. பஸ் வந்தால் ஓரங்கட்ட இடம் இல்லை. ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்கள் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை வந்து நின்று வேலை செய்ய ஒரு கொழுப்புப் பரப்பு வேண்டும். அதுதான் பாஸ்போலிப்பிட், அதுதான் ஸ்டாப். ஆன்டிபாடி, ஷேர் ஆட்டோ.

இப்போது கூட்டம் தேங்கி நிற்கிறது, அதாவது உறைய நேரமாகிறது. பஸ் குறைவா, ஆட்டோ அடைப்பா? டிப்போவிலிருந்து கூடுதலாக நாலு பஸ் விட்டுப் பார்க்கலாம். நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமான பலருடைய பிளாஸ்மாவைச் சரிபாதியாகக் கலப்பது அதுதான். பஸ்தான் குறைவு என்றால் நேரம் சரியாகிவிடும். ஆட்டோ அடைப்பு என்றால் நாலு பஸ் வந்தும் புண்ணியமில்லை. அடுத்து, ஸ்டாப்பையே நீளமாக்கிப் பார்ப்போம். பாஸ்போலிப்பிட் நிறைய உள்ள ரீஏஜென்டை ஊற்றுவோம். ஆட்டோ நின்றது போக மீதி இடத்தில் பஸ் நின்றுவிடும், நேரம் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருக்கிறது. ஸ்கிரீன், மிக்ஸ், கன்ஃபர்ம் என்று மூன்று படியாக நாங்கள் செய்வதெல்லாம் இதுதான்.

இனி அந்தக் கால் மில்லிக்கு வருவோம். அதில் பிளேட்லெட் இருக்கிறது. பிளேட்லெட்டின் தோலே பாஸ்போலிப்பிட். பிளாஸ்மாவை ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் பிளேட்லெட் உடைந்து சிதறும். ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டி பஸ் ஸ்டாப். நாம் ஒன்றும் ஊற்றாமலே ஸ்டாப் நீண்டுவிடும். இருக்கிற ஆன்டிபாடி இல்லாதது போல் மறைந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டரில் பத்தாயிரத்துக்கும் குறைவாகப் பிளேட்லெட் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு சுற்றில் அது உறுதியாக வருவதில்லை. அதனால்தான் இரண்டாவது.

உடம்புக்குள் மட்டும் இந்தப் பஸ் கதை செல்லாது. அங்கே அதே ஆன்டிபாடி ரத்தக் குழாயின் உள்சுவரையும் பிளேட்லெட்டையும் சீண்டிவிடுகிறது. சீண்டப்பட்டவை உறைவைத் தொடங்குகின்றன. பிள்ளைகள் இதையும் கேட்பார்கள். கேட்காத பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இந்த டெஸ்டின் உயிர்நாடி ஒரு பாம்பு. கண்ணாடி விரியன்! டிஆர்விவிடி என்று நாங்கள் சொல்வது, கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்கச் செய்து பிளாஸ்மாவில் விட்டு, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்பது. உறைதல், ஃபேக்டர் என்கிற புரதங்களின் நீண்ட சங்கிலி. விரியன் விஷம் முன்னிருக்கிற கண்ணிகளை எல்லாம் தாண்டி நேராகப் பத்தாவது ஃபேக்டரைத் தட்டி எழுப்பும். அதனால் எட்டாம் ஃபேக்டர் குறைவு, ஒன்பதாம் ஃபேக்டர் குறைவு போன்ற வேறு கோளாறுகள் குழப்ப வழியில்லை. விஷத்தையும் பாஸ்போலிப்பிட்டையும் வேண்டுமென்றே பஞ்சமாக வைப்போம். பஞ்சத்தில்தான் அடைப்பு தெரியும். 1986-ல் இந்த முறையை எழுதிய கட்டுரையின் முதல் பெயர் பெருமாள் தியாகராஜன். கூட எழுதியவர்கள் பெங்கோ, ஷாப்பிரோ. அந்தப் பெங்கோதான் 2009-ல் உலகம் முழுக்க லேப்கள் பின்பற்றிய வழிகாட்டியைத் தொகுத்த குழுவுக்குத் தலைமை. கிட் பெட்டிக்குள் இருக்கிற மடித்த தாளில் பொடி எழுத்தில் தியாகராஜன் என்று பார்க்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆங்கிலத்தில் அந்தப் பாம்பு ரஸ்ஸல் பெயரில் இருக்கிறது. பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்து டாக்டர், விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்தவர். 1796-ல் புத்தகம் போட்டார். நமக்கு அவர் வருவதற்கு முன்பே அது கண்ணாடி விரியன்தான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலிலும் விஷம் எடுத்து, கடிக்கு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சின்ன வயதில் குடும்பத்தோடு போய் அங்கே பார்த்திருக்கிறேன். மண்பானை வாயைக் கட்டியிருந்த துணிக்குப் பின்னால் சீறிய சத்தம் குக்கர் விசில் மாதிரி இருந்தது. அதே விஷத்தின் சொட்டை ஒருநாள் பிப்பெட்டில் எடுப்பேன் என்று அன்றைக்கு யார் நினைத்தார்?

பயிற்சிக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் விரியன் கடித்தவர்களுக்கு ஒரு டெஸ்ட் செய்வோம். புதிய, காய்ந்த கண்ணாடி டியூபில் இரண்டு மில்லி ரத்தம், அசைக்காமல் இருபது நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். டியூபைச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி பயன்படுத்தியிருந்தால் மட்டும் முடிவு கெட்டுப்போகும். டியூபைச் சாய்க்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு அங்கே வந்தது.

அடுத்த வேலையில் அது கைகொடுத்தது. அப்போது தானியங்கி மெஷின் இல்லை. 37 டிகிரி வெந்நீர்த் தொட்டி, ஒரு மேஜை விளக்கு, இடது கையில் ஸ்டாப்வாட்ச். ரீஏஜென்டை விட்டதும் டியூபைத் தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவில் சாய்த்து நிமிர்த்தி, சாய்த்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும். திரவம் தளும்பிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஓரத்தில் ஒரு இழை, பாகு பதம் வந்ததும் விரலில் இழுபடுமே, அப்படி. அந்தக் கணத்தில் கட்டை விரல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு தடவை பார்ப்போம். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது. மெஷின் வந்த பிறகு மணிக்கட்டு வலி போயிற்று, ஆனால் இழை எப்படி வருகிறது என்று பார்க்கிற கண்ணும் போயிற்று. சில சாம்பிள் தயங்கித் தயங்கி உறையும். மெஷின் அதையும் ஒரு எண்ணாக மட்டும்தான் தரும்.

அந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். மாங்காடு பக்கத்துப் பெண், இருபத்தேழு வயது, மூன்று முறை கரு கலைந்தவர். சாம்பிள் வந்தபோது மதியம் இரண்டு மணி. வரிசையில் இன்னும் நாற்பது டியூப். அவசரத்தில் ஒரே சுற்றோடு பிளாஸ்மாவை எடுத்து ஃப்ரீஸரில் போட்டேன். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டபோது அவருடையது நெகட்டிவ். ரிப்போர்ட் போய்விட்டது. ஐந்து மாதம் கழித்து வேறொரு டாக்டர் திரும்பக் கேட்டு அனுப்பினார். இந்தத் தடவை முறையாக இரண்டு சுற்று. பாசிட்டிவ்.

எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அன்றைக்கே அதே டியூபில் மீதியிருந்த பிளாஸ்மாவில், ஒரு சுற்று மட்டும் சுற்றியதைத் தனியாக எடுத்து ஃப்ரீஸ் செய்தேன். மறுநாள் இரண்டையும் 37 டிகிரியில் இளக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு சுற்று சுற்றியது 58 விநாடி. ஒரு சுற்று சுற்றியது 43. அன்றைய நார்மல் 40-ஐ ஒட்டி. ஒரே பெண், ஒரே கை நரம்பு, ஒரே ஊசிக் குத்து. நடுவில் இருந்தது என்னுடைய பத்து நிமிட அவசரம். அந்த ஐந்து மாதத்தில் அவர் மறுபடி உண்டாகியிருந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நம் ஊர் வெயிலும் ஒரு எதிரி. நீல மூடி டியூபில், உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்ந்த சாம்பிளை அறை வெப்பத்தில் வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. 18-லிருந்து 24 டிகிரி வரை என்று அர்த்தம். மே மாதம் எந்த அறையில் ஐயா அது? ஒருநாள் கலெக்ஷன் தம்பி வியர்த்து விறுவிறுத்து வந்து பெருமையாகப் பெட்டியைத் திறந்தான். "மேடம், ஐஸ்ல பொதிச்சு எடுத்தாந்தேன், ஒண்ணும் கெடல." கெட்டுப்போனதே அந்த ஐஸால்தான். குளிரில் பிளேட்லெட் விழித்துக்கொள்ளும், ஏழாம் ஃபேக்டர் கிளம்பிவிடும். அவனைத் திட்ட மனம் வரவில்லை. ஐஸ்பெட்டியைக் கொடுத்தது நாம், இதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லாததும் நாம். இப்போது அவன் பையில் ஐஸ் இல்லாத தெர்மோகோல் டப்பா தனியாக இருக்கிறது, மேலே பட்டைப் பேனாவில் 'நீலம் மட்டும்' என்று எழுதி. எடுத்து நாலு மணி நேரத்துக்குள் பிளாஸ்மா பிரிந்தாக வேண்டும். காட்டுப்பாக்கம் தாண்டுவதற்கே முக்கால் மணி ஆகிற நாள்களில், சாம்பிள் எடுத்த நேரத்தைப் பார்த்துவிட்டு, "திரும்ப எடுத்துடு தம்பி" என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

டியூபில் கோடு வரை ரத்தம் நிரம்பியிருக்க வேண்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி நேரம் தானாகவே நீளும், இல்லாத நோய் வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் மறப்பது.

இதைவிடப் பெரியது மாத்திரை. காலில் ரத்தம் உறைந்தது என்றதும் டாக்டர் உறைவைத் தடுக்கிற ஹெபரின் ஊசியோ அசிட்ரோமோ ரிவரோக்சபானோ ஆரம்பித்துவிடுவார். ஆரம்பிக்கத்தான் வேண்டும், உயிர் முக்கியம். ஆனால் அதே மருந்து எங்கள் டெஸ்டிலும் நேரத்தை நீட்டும். ரிவரோக்சபான் இருந்தால் டிஆர்விவிடி அசல் பாசிட்டிவ் மாதிரியே நடிக்கும். ஹெபரின் வகை ஊசி என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரமாவது ஆகட்டும் என்று காத்திருப்போம். ஆகவே ஊசி எடுப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" பதில் பெரும்பாலும், "ஒண்ணும் இல்லம்மா." பிறகு கைப்பையைத் திறக்கச் சொன்னால் பஸ் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து பாதி காலியான அட்டை வரும். அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இதை எடுக்க வேண்டாம், டாக்டர்கிட்ட நான் பேசுறேன்" என்று திருப்பி அனுப்பிய நாள்கள்தான் இந்த வேலையில் நான் நன்றாகச் செய்த நாள்கள் என்று இப்போது தோன்றுகிறது. கல்லாவில் இருப்பவர் அப்படி நினைப்பதில்லை. கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடிகளை எலிசாவில் பார்க்கிற மற்ற இரண்டு டெஸ்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, மாத்திரையோடும் எடுக்கலாம். மூன்றிலும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்தான் உறைவு வரப்போவதை அதிகம் காட்டிக்கொடுப்பது, அதுதான் இத்தனை செல்லம் கேட்கிறது.

கார்டியோலிப்பின் என்றதும் ஒரு கிளைக் கதை. 1941-ல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு அது. சிபிலிஸுக்கான விடிஆர்எல் டெஸ்டில் இன்றும் அதுதான். ஏபிஎல்ஏ உள்ள பெண்ணின் ஆன்டிபாடி அந்தக் கொழுப்போடும் ஒட்டிக்கொள்ளலாம். கர்ப்பகாலத்தில் வழக்கமாக எடுக்கிற விடிஆர்எல் அப்போது ரியாக்டிவ் என்று வந்து தொலைக்கும். அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புருஷன் வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்க, என்னிடம் வந்து, "நான் தப்பு எதுவும் பண்ணலையே சிஸ்டர்" என்று சன்னமாகச் சொன்ன பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது. சிபிலிஸை உறுதிசெய்கிற டிபிஹெச்ஏ போட்டோம், நெகட்டிவ். புருஷனையும் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் டெஸ்ட் எப்படி ஏமாற்றும் என்று படம் போட்டுக் காட்டினேன். அது என் வேலையில் சேர்த்தி இல்லைதான். பிறகுதான் டாக்டர் ஏபிஎல்ஏ கேட்டார்.

வேலூர் சிஎம்சியும் இந்திய ரத்தவியல் சங்கமும் சேர்ந்து நடத்துகிற தரச் சோதனைத் திட்டத்திலிருந்து எங்களைப் போன்ற லேப்களுக்குக் குப்பி வரும். உள்ளே உலர்ந்த பிளாஸ்மா, பஞ்சு மிட்டாய்த் தூள் மாதிரி. யாருடையது, என்ன நோய் என்று சொல்ல மாட்டார்கள். காய்ச்சி வடித்த நீரைத் துல்லியமாக அளந்து விட்டு, குலுக்காமல் சுழற்றி, கரைய விட்டுச் செய்து, விடையை அனுப்ப வேண்டும். பரீட்சை ஹாலில் இருக்கிற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. போகாததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை பாசிட்டிவ் வந்தாலும் நோய் என்று முடிவு கட்டுவதில்லை. ஒரு வைரஸ் காய்ச்சல் போதும், இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அதனால் திரும்பவும் பார்க்க வேண்டும். 1999-ல் வெளியான சப்போரோ விதிகளில் அந்த இடைவெளி 6 வாரம், 2006-ல் 12 வாரமாக்கினார்கள். எங்கள் ரிப்போர்ட்டின் கடைசி வரி அதுதான்: 12 வாரம் கழித்து மறுபடி செய்யவும். அதைப் படித்ததும் வருகிற கேள்வியும் எனக்கு மனப்பாடம். "மறுபடியும் காசா?"

திருமழிசையிலிருந்து தையல் வேலைக்குப் போகிற ஒரு பெண், தை மாதம் முதல் ரிப்போர்ட் வாங்கிப் போனார். இரண்டு கரு இழந்தவர். மாமியார்தான் கூட வந்திருந்தார். அதிகம் பேசவில்லை, மருமகள் கையிலிருந்து பஞ்சை வாங்கித் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். போன வாரம் இருவரும் திரும்ப வந்தார்கள். மருமகள் பையிலிருந்து நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அன்றைய தேதியைச் சுற்றி சிவப்பு வட்டம்.

"எண்பத்தி நாலு நாள் முடிஞ்சு மூணு நாள் ஆகுதும்மா," என்றார் மாமியார்.

மாத்திரையைக் கேட்டேன். எக்கோஸ்பிரின் மட்டும், அது பரவாயில்லை. காய்ச்சல் எதுவும் வந்ததா என்று கேட்டேன், இல்லை. கைக்கட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்தேன். கோடு வரை நிரம்பியது. டியூபைத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தி மாடிக்கு எடுத்துப்போனேன். முதல் சுற்று முடிந்து பிளாஸ்மாவை மாற்றிக்கொண்டிருந்தபோது புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மறுபடியுமா அக்கா?"

மூடியைச் சாத்தினேன். பத்து நிமிடம் வைத்தேன். கீழே மாமியார் யாரிடமோ, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பது கேட்டது.